பாட்டும் கேள்வியும் ஒரே மேடையில்: தஞ்சாவூர் வாத்தியார் ஒருவர் காட்டிய வழி



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமைதானே, ஒரு டம்ளர் காபியைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள். வகுப்பில் நாற்பத்தைந்து நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் நீங்கள். இதையும் பொறுத்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

இப்போது சென்னையில் ஒரு புது மாதிரி கச்சேரி அங்கங்கே நடக்கிறது. புதிதாக எழுதி, புதிதாக மெட்டமைத்த கீர்த்தனைகளைப் பாடுகிறார்கள். நடுநடுவே அந்தப் பாட்டு எதைப் பற்றியது, ஏன் எழுதப்பட்டது என்று பேசுகிறார்கள். சில இடங்களில் கேட்பவர்களும் எழுந்து கேள்வி கேட்கிறார்கள். இதைப் பார்த்துவிட்டு வந்த நம் பிள்ளைகள் சிலர் என்னிடம் கேட்பது இதுதான்: "சார், பாட்டு கேட்கப் போனால் பாட்டுதானே இருக்கணும்? நடுவில் பேச்சு எதுக்கு? இது வெளிநாட்டுப் பழக்கமா?"

எனக்கு ஸ்வரம் பாடத் தெரியாது. ஆனால் வரலாறு சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் இதற்கு என்னால் பதில் சொல்ல முடியும். பாட்டையும் கருத்தையும் சேர்த்து வைத்தது நம் ஊர்ப் பழக்கமே. இடையில் ஒரு காலகட்டத்தில்தான் இரண்டையும் தனித்தனி அறையில் உட்கார வைத்தார்கள். அதனால் நமக்குச் சில நன்மைகள் கிடைத்தன. ஆனால் நஷ்டப்பட்டது புதுப் பாட்டு. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் கதாகாலட்சேபம். உங்கள் தாத்தா பாட்டிகள் கேட்டிருப்பார்கள். பாகவதர் ஒரு கதையை எடுத்துக்கொள்வார். கொஞ்சம் சொல்வார், கொஞ்சம் பாடுவார். பாட்டு எங்கே நிற்கிறதோ அங்கே பேச்சு தொடரும். பேச்சு எங்கே தழுதழுக்கிறதோ அங்கே பாட்டு வரும். இரவெல்லாம் நடக்கும்.

இந்த வடிவத்தில் 19-ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டையே உலுக்கிய படைப்பு கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை. பெரிய புராணத்தில் சேக்கிழார் சொன்ன திருநாளைப்போவார் கதைதான் அதற்கு மூலம். ஆனால் சேக்கிழாரிடம் இல்லாத ஒரு பாத்திரத்தைப் பாரதியார் சேர்த்தார். அவர்தான் நந்தனின் ஆண்டையான வேதியர். சிதம்பரம் போக விடுப்பு கேட்கும் பண்ணையாள் ஒரு பக்கம், அறுவடை முடிக்காமல் அனுப்ப மறுக்கும் நிலக்காரர் மறு பக்கம். புராணக் கதைக்குள் காவிரிக்கரைப் பண்ணையின் நிஜ வாழ்க்கை நுழைந்துவிட்டது. ஒரு மனிதன் சாமியைப் பார்க்கப் போவதற்கு இன்னொரு மனிதனிடம் ஏன் கெஞ்ச வேண்டும் என்ற கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் மனத்தில் அந்தப் பாட்டு போட்டது. அப்போது அவை எல்லாம் புத்தம் புதிய பாட்டுகள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

அந்த நூலுக்குச் சிறப்புப்பாயிரம் கேட்டு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாரதியார் போனார். பாட்டில் இலக்கணப் பிழைகள் இருக்கின்றன என்று பிள்ளையவர்கள் தயங்கினார். பிறகு ஒரு நாள் பாரதியார் பாடக் கேட்டு மனம் உருகிப் பாயிரம் கொடுத்தார். இதை எழுதிவைத்தவர் இருவரையும் நேரில் அறிந்த உ.வே.சாமிநாதையர். ஏட்டில் பார்த்தபோது தயங்கியவர், காதால் கேட்டபோது ஏற்றுக்கொண்டார். புதுப் பாட்டுக்கு நேரில் கேட்கும் சபை எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

இனி நம் கதாநாயகர். அவரும் ஒரு வாத்தியார். அதனால் எனக்கு அவர்மேல் கூடுதல் பாசம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன்.

ஆபிரகாம் பண்டிதர் 1859-இல் தென்காசிப் பக்கம் சாம்பவர் வடகரையில் பிறந்தார். திண்டுக்கல்லில் ஆசிரியர் பயிற்சி பெற்றார். அங்கேதான் பிடிலும் கற்றார். பிறகு தஞ்சாவூருக்கு வந்து, அவரும் அவர் மனைவி ஞானவடிவு பொன்னம்மாளும் ஒரு பெண்கள் பள்ளியில் வேலை பார்த்தார்கள். சித்த மருத்துவத்தில் இருந்த ஈடுபாட்டால் பள்ளி வேலையை விட்டு முழு நேர வைத்தியரானார். அவருடைய மாத்திரைகள் கடல் கடந்தும் விற்பனையாயின. தஞ்சாவூருக்கு வெளியே பெரிய தோட்டம் போட்டு விவசாயச் சோதனைகள் செய்தார். 1909-இல் அரசாங்கம் அவருக்கு ராவ் சாகிப் பட்டம் கொடுத்தது. வசதியாக இருந்துவிட்டுப் போயிருக்கலாம். அவர் அந்தப் பணத்தை எடுத்துச் சங்கீதத்தில் போட்டார்.

முதலில் அவர் செய்தது புதுப் பாட்டு எழுதுவது. அந்தக் காலத்தில் தமிழ்ப் பிள்ளைகள் சங்கீதம் கற்க உட்கார்ந்தால், தொடக்கப் பாடமான கீதங்கள் எல்லாம் வேறு மொழிகளில் இருக்கும். அர்த்தம் தெரியாமலே மனப்பாடம் செய்ய வேண்டும். பண்டிதருக்கு ஆசிரியர் மூளை. பொருள் புரியாத பாடத்தைப் பிள்ளை எப்படி ரசிக்கும் என்று யோசித்தார். கீதம், சுரசதி, கீர்த்தனை என்று தொண்ணூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பாடல்களைத் தானே இயற்றி, ஸ்வரக் குறிப்போடு 1907-இல் வெளியிட்டார். 'கருணாமிர்த சாகரத் திரட்டு' என்பது அதன் பெயர்.

அடுத்து ஒரு கேள்வி அவரை விடாமல் பிடித்துக்கொண்டது. ஒரு ஸ்தாயிக்குள் எத்தனை சுருதிகள் இருக்கின்றன? 13-ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் எழுதிய சங்கீத ரத்னாகரம் இருபத்திரண்டு என்கிறது. எல்லோரும் அதையே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அந்த இருபத்திரண்டும் எங்கெங்கே நிற்கின்றன என்று கேட்டால் ஆளுக்கு ஒரு கணக்கு சொன்னார்கள்.

இங்கே கொஞ்சம் கணக்குப் பாடம். பயப்படாதீர்கள், ஆறாம் வகுப்புக் கணக்குதான். ஒரு தந்தியை முழு நீளத்தில் மீட்டினால் வருவது ஸ என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மூன்றில் இரண்டு பங்கு நீளத்தில் மீட்டினால் ப வரும். அதாவது அதிர்வு ஒன்றரை மடங்கு. அந்தப் ப-வையே புது ஸ-வாக வைத்துக்கொண்டு, அதற்கு ஒரு ப கண்டுபிடியுங்கள். இப்படிப் பன்னிரண்டு முறை செய்தால் பன்னிரண்டு ஸ்வரங்களும் கிடைத்து, ஏழு ஸ்தாயி மேலே ஏறி, மறுபடியும் ஸ-வுக்கே வந்துவிட வேண்டும். ஏழு ஸ்தாயி என்றால் இரண்டை ஏழு முறை பெருக்க வேண்டும், விடை 128. ஆனால் ஒன்றரையைப் பன்னிரண்டு முறை பெருக்கிப் பாருங்கள். ஏறக்குறைய 129.75 வரும். ஒன்றே முக்கால் மிச்சம். இயற்கை நமக்குச் சரியாக வகுபடாத கணக்கைக் கொடுத்துவிட்டது.

இந்த மிச்சத்தை என்ன செய்வது என்பதுதான் சண்டையே. சுருதிகள் ஒன்றுக்கொன்று சமமில்லாமல் பெரிதும் சிறிதுமாக இருக்கும், அவை இருபத்திரண்டு என்றார்கள் ஒரு சாரார். பண்டிதர் சிலப்பதிகாரத்தையும் அதன் உரைகளையும் எடுத்து வைத்துக்கொண்டார். உ.வே.சா. அந்த நூலை அச்சில் கொண்டுவந்தது 1892-இல்தான். அதில் இசைக்கு வட்டப்பாலை என்று பன்னிரண்டு ராசி வீடுகள் கொண்ட ஒரு வட்டம் சொல்லப்படுகிறது. வட்டம் என்றால் தொடங்கிய இடத்துக்கே திரும்ப வர வேண்டும். ஆகவே பன்னிரண்டு வீடும் சமம், ஒவ்வொன்றையும் பாதியாக்கினால் இருபத்து நான்கு சுருதி என்பது அவர் முடிவு. பழந்தமிழ் இசையே இன்றைய கர்நாடக இசைக்கு அடிப்படை என்பது அவர் வாதம்.

நம்மில் ஒருவராக இருந்தால் இதைப் புத்தகமாகப் போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்போம். பண்டிதர் அப்படிச் செய்யவில்லை. 1912 மே மாதம் தஞ்சாவூரில் சங்கீத வித்தியா மகாஜன சங்கம் என்ற அமைப்பைத் தொடங்கி, வித்துவான்களையும் சாத்திரம் தெரிந்தவர்களையும் வரவழைத்தார். அடுத்த சில ஆண்டுகளில் அந்தச் சங்கம் ஏழு மாநாடுகள் கூட்டியது. செலவு அவருடையது. வந்தவர்கள் பாடினார்கள், வாசித்தார்கள், கட்டுரை படித்தார்கள், மறுத்துப் பேசினார்கள். ஒருவர் ஒரு கருத்தைச் சொன்னால் அதைப் பாடியோ வாத்தியத்தில் வாசித்தோ காட்ட வேண்டும். காட்டியது சரியா என்று எதிரில் இருப்பவர் சொல்லலாம். கருத்துக்குப் பாட்டு சாட்சி, பாட்டுக்குக் கருத்து சாட்சி.

1916 மார்ச்சில் பரோடாவில் முதல் அகில இந்திய சங்கீத மாநாடு நடந்தது. சயாஜிராவ் கெய்க்வாட் மகாராஜாவின் ஆதரவு. முன்னின்று நடத்தியவர் வடநாட்டு இசையை முறைப்படுத்திய பாத்கண்டே. பண்டிதர் அங்கே போய்த் தன் கணக்கை விளக்கினார். தன் மகள்கள் மரகதவல்லியையும் கனகவல்லியையும் அழைத்துப்போய், அவர்களைப் பாடியும் வீணை வாசித்தும் காட்டச் செய்தார். யோசித்துப் பாருங்கள். 1916-இல் தஞ்சாவூரிலிருந்து இரண்டு குடும்பப் பெண்கள் ரயிலேறி, நாடெங்கிலும் இருந்து வந்த உஸ்தாதுகளும் பண்டிதர்களும் நிறைந்த சபையில் உட்கார்ந்து, ஒரு கருத்தைத் தங்கள் விரலாலும் குரலாலும் நிறுவுகிறார்கள். நம் பாடப் புத்தகங்களில் இந்தக் காட்சிக்கு ஒரு வரிகூட இல்லை என்பது என் நெடுநாள் குறை.

1917-இல் தன் சொந்த அச்சகத்திலேயே 'கருணாமிர்த சாகரம்' என்ற பெரிய நூலை வெளியிட்டார். ஆயிரம் பக்கங்களைத் தாண்டும். 1919-இல் காலமானார். நூலின் இரண்டாம் பாகத்தை 1946-இல் மகள் மரகதவல்லி வெளியிட்டார். பரோடாவில் வீணை வாசித்த அதே மகள்தான்.

அவருடைய இருபத்து நான்கு சுருதிக் கணக்கை இசை அறிஞர்கள் எல்லோரும் ஏற்கவில்லை. பெரும்பாலோர் ஏற்கவில்லை என்றே சொல்ல வேண்டும். நம் இசையில் ஸ்வரம் ஒரே இடத்தில் நிற்பதில்லை, கமகத்தில் அசைந்துகொண்டே இருக்கிறது. தோடியின் காந்தாரத்தை எந்தக் கட்டத்துக்குள் அடைப்பீர்கள்? இருபத்திரண்டு என்றாலும் இருபத்து நான்கு என்றாலும் அதற்கு முழு விடை கிடைக்காது. ஆனால் பண்டிதர் விட்டுச்சென்ற பெரிய சொத்து அந்த எண் அல்ல. கேள்வியை மேடையில் வைத்து, பாடிக் காட்டி, எதிர்ப்பவனையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசிய முறைதான் அந்தச் சொத்து.

ஏறக்குறைய அதே காலத்தில் உலகின் வேறொரு மூலையில் நடந்ததையும் சொல்கிறேன், ஒப்பிட்டுப் பாருங்கள். 1918-இல் ஐரோப்பாவின் வியன்னா நகரில் அர்னால்டு ஷோன்பெர்க் என்ற இசையமைப்பாளர் ஒரு சங்கம் தொடங்கினார். புது இசையை மட்டும் வாசிப்பது அதன் வேலை. உறுப்பினர்கள் மட்டுமே வரலாம். கைதட்டக் கூடாது. பத்திரிகை விமர்சகருக்கு அனுமதி இல்லை. அன்றைக்கு என்ன வாசிக்கப்போகிறார்கள் என்றும் முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள். ஆனால் ஒரு நல்ல வழக்கம் வைத்திருந்தார்கள். கடினமான படைப்பைத் திரும்பத் திரும்ப வாசித்துக் காட்டினார்கள். ஒரே ஒரு முறை கேட்டுவிட்டுப் புது இசையைத் தள்ளிவிடாதே என்பது அதன் பொருள். ஷோன்பெர்க் கதவைச் சாத்திப் புது இசையைக் காப்பாற்றப் பார்த்தார். நம் பண்டிதர் கதவைத் திறந்து வைத்தார். இருவருக்கும் தெரிந்த உண்மை ஒன்றுதான்: புதுப் பாட்டு தானாகப் பிழைக்காது, அதற்கு ஒரு பழகுமிடம் வேண்டும்.

இனி சென்னைக்கு வருவோம். 1927 டிசம்பரில் இங்கே காங்கிரஸ் மகாசபை கூடியபோது கூடவே ஒரு சங்கீத மாநாடும் நடந்தது. அதில் எடுத்த முடிவின்படி பிறந்ததுதான் மியூசிக் அகாடமி. 1928 ஆகஸ்ட் 18 அன்று சர் சி.பி.ராமசுவாமி ஐயர் தொடங்கி வைத்தார். தொடக்கத்திலேயே அகாடமியின் நோக்கம் கச்சேரி மட்டும் அல்ல. ராகங்களின் லட்சணம் என்ன, எந்த ஸ்வரம் வரலாம், எது வரக்கூடாது என்று வித்துவான்களும் அறிஞர்களும் உட்கார்ந்து விவாதித்தார்கள். மூத்த வித்துவான் ஒருவர் பழைய கீர்த்தனையைப் பாடி, "என் குருநாதர் எனக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்" என்றால் அதுவே ஆதாரம். தஞ்சாவூர் முறை இங்கே ஒரு நிறுவனமாக வளர்ந்தது என்று சொல்லலாம். பேராசிரியர் சாம்பமூர்த்தி, டாக்டர் வே.ராகவன் போன்ற பெரியவர்கள் இதற்கு உழைத்தார்கள். விவாதங்கள் அகாடமியின் இதழில் அச்சாகி இன்றைக்கும் படிக்கக் கிடைக்கின்றன. இந்த உழைப்பு இல்லையென்றால் எத்தனையோ அரிய பாடாந்தரங்கள் காணாமல் போயிருக்கும். நன்றி மறக்கக் கூடாது.

ஆனால் ஒன்று நடந்தது. காலையில் பேச்சு, மாலையில் கச்சேரி என்று வழக்கம் நிலைத்துவிட்டது. சபாக்காரர்கள் லெக்டெம் என்று செல்லமாகச் சொல்லும் விளக்கவுரை காலை எட்டு மணிவாக்கில் நடக்கும். மாலையில் மண்டபம் நிறையும், காலையில் விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர் வருவார்கள். காலையில் பேசியது மாலையில் பாடுபவரைத் தொடவேண்டிய கட்டாயம் இல்லை. மாலையில் பாடுபவர் தான் ஏன் இந்தப் பாட்டை எடுத்தார் என்று சொல்லவேண்டிய கட்டாயமும் இல்லை.

நம் மண்ணூர்பேட்டையை வைத்து இதை யோசியுங்கள். 1960-களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை வளர வளர, நம் தெருக்களில் குடியேறியவர்கள் லேத்திலும் பிரஸ்ஸிலும் வேலை பார்த்தவர்கள். முதல் ஷிப்டு, இரண்டாம் ஷிப்டு, இரவு ஷிப்டு. வேலை நாளில் காலை எட்டு மணிக்கு ராயப்பேட்டைப் பக்கம் போய் ராக லட்சணம் கேட்க அவர்களில் யாரால் முடியும்? சங்கீதத்தில் ஆசை இல்லாதவர்கள் அல்ல. வானொலியில் மாலைக் கச்சேரி கேட்டுக்கொண்டே சாப்பிட்ட குடும்பங்கள் நம் தெருக்களில் இருந்தன. பாட்டு மட்டும் அவர்களுக்கு வந்தது. அதைப் பற்றிக் கேள்வி கேட்கும் இடம் வரவில்லை. யாருக்குக் கேள்வி கேட்க இடம் இல்லையோ அவர் விருந்தாளியாகவே இருந்துவிடுகிறார், வீட்டுக்காரர் ஆவதில்லை.

இரண்டாவது விளைவு புதுப் பாட்டுக்கு. மாலைக் கச்சேரியின் நடுப்பகுதி பழைய கீர்த்தனைகளுக்கு என்று உறைந்துபோனது. புதிது எது வந்தாலும் கடைசியில் துக்கடாவாக இரண்டு நிமிடம். தமிழ்ப் பாட்டுக்கும் பெரும்பாலும் அதே கதிதான். இதை எதிர்த்துக் கிளம்பியதே தமிழிசை இயக்கம். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முன்னின்று 1941-இல் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூட்டினார். 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. சென்னையின் சபா வட்டாரத்தில் எதிர்ப்பு பலமாக இருந்தது. சங்கீதத்துக்கு மொழி முக்கியமா என்று கேட்டார்கள். பத்திரிகைகளில் காரசாரமாக விவாதம் நடந்தது. கல்கி தமிழிசைக்கு ஆதரவாக எழுதித் தள்ளினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தமிழ்ப் பாடல்களை ஸ்வரக் குறிப்போடு தொகுதி தொகுதியாக வெளியிட்டது.

தமிழ் இசைச் சங்கம் செய்த இன்னொரு அரிய காரியம் பண் ஆராய்ச்சிக் கூட்டங்கள். தேவாரப் பதிகங்களுக்குப் பண் பெயர் தெரியும். அந்தப் பண் இன்றைய எந்த ராகம்? ஓதுவார்கள் பாடுவார்கள், அறிஞர்கள் கேட்பார்கள், பேசி முடிவுக்கு வருவார்கள். இது எங்கோ இருக்கும் விஷயம் என்று நினைக்காதீர்கள். பாடியில் இருக்கிறதே, நாம் நடந்தே போய்வரும் திருவல்லீஸ்வரர் கோயில், அதுதான் தேவாரம் பாடிய திருவலிதாயம். அந்தத் தலத்துக்குத் திருஞானசம்பந்தர் பாடிய பதிகம் முதல் திருமுறையில் மூன்றாவது. பண் நட்டபாடை. இன்று ஓதுவார்கள் அதைக் கம்பீர நாட்டையில் பாடுகிறார்கள். நட்டபாடைக்கு இந்த ராகம் ஏன், வேறு ஏன் இல்லை என்ற கேள்விக்குப் பின்னால் பல தலைமுறை ஓதுவார்களின் காதும் அறிஞர்களின் வாதமும் இருக்கின்றன. அந்தக் கோயிலில் நூறு முறை சுற்றி வந்த உங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? ஒருவர் பதிகம் பாடி, இரண்டு நிமிடம் இதையும் சொன்னால், அடுத்த முறை அந்தக் கோயிலுக்குள் நுழையும்போது உங்கள் காது வேறு மாதிரி இருக்கும்.

ஈழத்தில் மட்டக்களப்புப் பக்கம் பிறந்த சுவாமி விபுலானந்தரையும் இங்கே நினைக்க வேண்டும். பழைய நூல்களில் பெயராக மட்டும் இருந்த யாழ்களைப் பற்றி ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து 'யாழ் நூல்' எழுதினார். 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் நூல் அரங்கேறியது. அவர் கணக்குப்படி செய்த யாழ்கள் அங்கே மீட்டப்பட்டன. ஒரு புத்தக வெளியீடு கச்சேரியாகவும் இருந்தது. அடுத்த மாதமே சுவாமிகள் மறைந்துவிட்டார். தன் கருத்தை ஒலியாகக் கேட்டுவிட்டுத்தான் போனார்.

கேள்விக்கு மேடையில் இடம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் உதாரணம் தருகிறேன். பாலமுரளிகிருஷ்ணா புது ராகங்கள் உருவாக்கினார். மகதி என்ற ராகத்துக்கு ஸ, க, ப, நி என்று நான்கே ஸ்வரங்கள். 1975-இல் வந்த 'அபூர்வ ராகங்கள்' படத்தில் யேசுதாஸ் பாடிய பாட்டு இந்த ராகத்தில்தான் தொடங்குகிறது, உங்களுக்கெல்லாம் தெரிந்த பாட்டு. ராகம் என்றால் குறைந்தது ஐந்து ஸ்வரமாவது வேண்டாமா? நான்கு ஸ்வரத்தை வைத்து ராகம் என்று சொல்லலாமா? இவை அருமையான கேள்விகள். பாலமுரளியைப் பாடச் சொல்லி, எதிர்க் கருத்துள்ளவரைப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தால் நாடே கற்றுக்கொண்டிருக்கும். நடந்ததோ வேறு. பாலமுரளியின் புது ராகங்களைப் பற்றி வீணை எஸ்.பாலசந்தர் கடுமையான எதிர்ப்புக் கிளப்பினார். இரண்டு மேதைகளுக்கு இடையே பத்திரிகை வழியாகக் கசப்பான சண்டையாக அது முடிந்தது. மேடையில் இடம் கிடைக்காத கேள்வி தெருவில் சண்டையாகிறது. வீட்டிலும் அப்படித்தான், நாட்டிலும் அப்படித்தான்.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். 2015-இல் பெசன்ட் நகர் அருகே ஊரூர் ஆல்காட் குப்பத்தில் ஒரு விழா தொடங்கினார்கள். பாடகர் டி.எம்.கிருஷ்ணாவும் சுற்றுச்சூழல் ஆர்வலர் நித்யானந்த் ஜெயராமனும் அதை முன்னெடுத்தவர்களில் முக்கியமானவர்கள். மீனவர் குடியிருப்பில் கர்நாடகக் கச்சேரி. சபாவுக்குப் போகாதவர் வீட்டு வாசலுக்குச் சங்கீதம் வந்தது. சங்கீதத்தோடு பறையாட்டம், கூத்து எல்லாம் ஒரே மேடையில். யாருடைய கலை உயர்ந்தது என்ற பேச்சு அந்த மேடையைச் சுற்றியே எழுந்தது. 2017 ஜனவரியில் எண்ணூர்க் கழிமுகத்தைப் பற்றிய புறம்போக்குப் பாடலை கிருஷ்ணா பாடினார். எழுதியவர் கபேர் வாசுகி. சென்னைத் தெருத் தமிழில், கனமான ராகங்களின் மாலையாக அமைந்த பாட்டு. புறம்போக்கு என்பது வசைச் சொல் அல்ல, எல்லோருக்கும் பொதுவான நிலம் என்று அந்தப் பாட்டு வாதாடுகிறது. நம் அம்பத்தூர் ஏரியும் கொரட்டூர் ஏரியும் சுருங்கியதைப் பார்த்தவர்கள் நாம். அந்தச் சொல்லின் பொருள் நமக்கு விளக்காமலே புரியும்.

எழுத்தாளர் பெருமாள்முருகன் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு நாவலுக்கு எழுந்த எதிர்ப்பால் 2015 ஜனவரியில் தன்னுள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்கு ஆதரவாகத் தீர்ப்பு சொன்னது. அதன் பிறகு அவர் கையில் பிறந்த வடிவங்களில் ஒன்று கீர்த்தனை. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற அதே சட்டகம். பாடுபொருள் மட்டும் வேறு. ஐம்பூதங்களைப் பாடினார், 2023-இல் வைக்கம் நூற்றாண்டையொட்டிப் பெரியாரையும் பாடினார். கிருஷ்ணா அவற்றைக் கச்சேரிகளில் பாடினார். எழுத்தாளரும் பாடகரும் சேர்ந்து அமர்ந்து, ஒரு சொல் ராகத்துக்குள் எப்படி உட்கார்ந்தது என்று பேசுகிற நிகழ்ச்சிகளும் நடந்தன.

இதைப் பிடிக்காதவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதையும் நாம் மரியாதையோடு கேட்க வேண்டும். "சங்கீதம் தானே பேசும், அதற்கு வக்கீல் எதற்கு? கருத்தைச் சுமந்தால் பாட்டு பிரசாரம் ஆகிவிடாதா?" என்கிறார்கள். பாதி உண்மை. அரை மணி நேரம் பேசிவிட்டுச் சுமாராக ஒரு பாட்டைப் பாடினால், அந்தப் பேச்சு பாட்டைக் காப்பாற்றாது. கோபாலகிருஷ்ண பாரதியாரைப் பிள்ளையவர்கள் ஏற்றது கருத்துக்காக மட்டும் அல்ல, பாடக் கேட்டு உருகியதால். பாட்டு நன்றாக இருக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை. அதை விட்டுக்கொடுக்க முடியாது.

மீதிப் பாதியை ஓர் ஆசிரியராகச் சொல்கிறேன். பழைய பாட்டுக்கு அறிமுகம் தேவையில்லை, ஏனென்றால் நூறு ஆண்டுகளாக அதைப் பற்றி நாம் பேசிக்கொண்டே இருக்கிறோம். தியாகராஜர் எந்தச் சூழ்நிலையில் எதைப் பாடினார் என்று பாட்டிகள் கதை சொல்லி வளர்ந்தவர்கள் ரசிகர்கள். அந்தப் பேச்சு ஏற்கெனவே காதில் இருப்பதால் மேடையில் பேச்சு வேண்டாம் என்று தோன்றுகிறது. புதுப் பாட்டு அப்படி யாரும் கைபிடித்து அழைத்து வராத பிள்ளை. முதல் நாள் வகுப்புக்கு வரும் பிள்ளையை "இவன் பெயர் இன்னது, இந்த ஊரிலிருந்து வந்திருக்கிறான்" என்று நாம் அறிமுகம் செய்வதில்லையா? நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கும் அந்த ஒரு நிமிடம் தேவைதான்.

அமெரிக்காவில் லியோனார்டு பெர்ன்ஸ்டைன் 1958 முதல் 1972 வரை தொலைக்காட்சியில் சிறுவர்களுக்காக நடத்திய கச்சேரிகள் இந்த வகைதான். எதிரில் முழு வாத்தியக் குழு. அவர் ஒரு கேள்வியோடு தொடங்குவார், கொஞ்சம் வாசித்துக் காட்டுவார், மறுபடி பேசுவார், பிறகு முழுவதையும் வாசிப்பார். ஒரு தலைமுறையே அங்கே காது திறந்து வளர்ந்தது. நமக்கு அதற்கு அமெரிக்கா போக வேண்டியதில்லை. நம் பாகவதர்களும் பண்டிதரும் நமக்குக் காட்டிக்கொடுத்த வழி இருக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் பகுதியில் இப்போது பாட்டு வகுப்புகள் நிறைய. உங்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பாட்டும் வயலினும் கீபோர்டும் கற்கிறார்கள். விஜயதசமிக்கும் கோயில் திருவிழாவுக்கும் குடியிருப்போர் சங்க ஆண்டு விழாவுக்கும் மேடை ஏறுகிறார்கள். அப்போது மூன்று காரியம் செய்து பாருங்கள்.

ஒன்று, பழைய பாட்டுகளோடு புதிய பாட்டு ஒன்றாவது இருக்கட்டும். நம் ஏரியைப் பற்றி இருக்கலாம், ஷிப்டு முடிந்து வரும் அம்மாவைப் பற்றி இருக்கலாம். இலக்கணம் சுத்தமாக இருக்க வேண்டும், பாவம் நிஜமாக இருக்க வேண்டும். உங்களில் கவிதை எழுதுபவர்கள் நான்கைந்து பேர் எனக்கே தெரியும், பெயர் சொல்ல மாட்டேன்.

இரண்டு, பாடுவதற்கு முன் அந்தப் பிள்ளையே இரண்டு நிமிடம் பேசட்டும். என்ன ராகம், ஏன் இந்தப் பாட்டு என்று சொல்லட்டும். சிறப்பு விருந்தினர் பேச்சைக் குறைத்தால் இதற்கு நேரம் கிடைத்துவிடும்.

மூன்று, பாடி முடித்ததும் சபையிலிருந்து ஒரு கேள்விக்கு இடம் கொடுங்கள். பதில் சொன்ன பிறகு அதே பாட்டை இன்னொரு முறை பாடச் சொல்லுங்கள். முதல் முறை கேட்டதற்கும் இரண்டாம் முறை கேட்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நீங்களே உணர்வீர்கள்.

தஞ்சாவூரில் வைத்தியம் பார்த்த ஒரு முன்னாள் வாத்தியார், அரசாங்கம் கேட்காமல், சொந்தப் பணத்தைச் செலவழித்து ஏழு முறை நாட்டின் வித்துவான்களைக் கூட்டினார். நமக்கு ஆகும் செலவு ஒரு மைக் வாடகை, அவ்வளவுதான்.

உங்கள் ஊரில், நீங்கள் வேலை பார்க்கும் நாட்டில் இப்படிப் பாட்டும் பேச்சும் சேர்ந்த நிகழ்ச்சி பார்த்திருந்தால் கீழே எழுதுங்கள். மாற்றுக் கருத்து இருந்தாலும் தாராளமாக எழுதுங்கள். கேள்வி கேட்ட பிள்ளைகளைத்தான் எனக்கு இன்றும் பெயர் சொல்லி நினைவிருக்கிறது.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்,
மண்ணூர்பேட்டை.